வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சேஸிஸ் முதலில், பெயிண்ட் கடைசியில்

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கப் போகிறவர் முதலில் பெயிண்டைப் பார்க்க வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவைச் சுற்றி ஓடும் இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீலைத் தட்டி, பூட்டுக் கொண்டியை நகர்த்தி அதைச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோளாறு கதவில் இல்லை, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இருக்கிறது.

என்னிடம் வந்தது அறுபதுகளில் மெட்ராஸில் தயாரான இரண்டு கதவு ஹெரால்டு, மார்க் 2. வெளிப்பார்வைக்கு மோசமில்லை. பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியைத் தடிமனாகப் போட்டு, அதன்மேல் அடர்நீலம் அடித்திருந்தார்கள். ஆனால் டிரைவர் பக்கக் கதவின் மேல் மூலையில் ஒரு அட்டை நுழைவதே கஷ்டம். கீழே சுண்டுவிரல் தாராளமாகப் போனது. அந்த இடைவெளியை வைத்துத்தான் பேரம் பேசினேன். வேலையின் வரிசையையும் அதை வைத்தே முடிவு செய்தேன். சேஸிஸ், சஸ்பென்ஷன், பிரேக், இன்ஜின், வயரிங், அப்புறம் பாடி, எல்லாம் முடிந்தபின் பெயிண்ட். சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கலர் என்ன என்றுதான் கேட்டார்கள். வெகுகாலத்துக்கு அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்த வரிசைக்குக் காரணம் காரின் அமைப்பு. 1959-ல் இதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் அறிமுகமானபோது, பாடியே சேஸிஸாக இருக்கும் மோனோகாக் முறைக்குச் சிறிய கார்கள் பலவும் மாறிவிட்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்புக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்காத நிலையில், தனி சேஸிஸ் ஒன்றைப் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் வழிக்குப் போனார்கள். வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. துண்டு துண்டாக இருந்ததால் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் பூட்டுவதும் சுலபமாயிற்று. மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961-லிருந்து 948 சிசி இன்ஜினோடு இதைத் தயாரித்தது. பிறகு நாலு கதவு ஹெரால்டும் செய்தார்கள். அப்படியொரு வண்டி இங்கிலாந்துக்காரர்களுக்கே கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வீட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த அமைப்பு பெரிய வரம். முன்பக்கத் தொட்டி (கதவுக்கு முன்னால் இருக்கும் பாடித் துண்டு), பின்பக்கத் தொட்டி (கதவுக்குப் பின்னால் இருப்பது), கூரை, கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு எல்லாமே போல்ட்டில் நிற்கின்றன. பானட் முழுவதும் மூக்கோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினைப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. கதவின் கீல் முன்தொட்டியில் இருக்கிறது, பூட்டு பின்தொட்டியில் இருக்கிறது. இரண்டு தொட்டிகளுக்கும் நிலையைக் கொடுப்பது சேஸிஸ். சேஸிஸ் அரை அங்குலம் தொய்ந்தால் கதவு அதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம்: அங்குல ஸ்பேனர் இல்லாமல் தொடாதீர்கள். இந்தக் காரில் எங்கு பார்த்தாலும் அரை அங்குல நட். அதாவது 12.7 மி.மீ. 13 நம்பர் ஸ்பேனர் அதில் உட்கார்ந்த மாதிரி தெரியும். துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்ததும் மூலை மழுங்கிவிடும். மரையும் அங்குலக் கணக்குதான், பெரும்பாலும் யு.என்.எஃப். என்ற நெருக்கமான மரை. சென்னை புதுப்பேட்டையில் பழைய டூல் விற்கும் கடைகளில் அங்குல ரிங் ஸ்பேனர் செட் இன்னும் கிடைக்கிறது. கூடவே மரை வெட்டும் 5/16 யு.என்.எஃப். டேப் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி வண்டிக்கு அது உதவும். நகராத போல்ட்டுக்குத் துரு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விட்டு, அப்புறம் சூடு காட்டுவேன். சூடு காட்டுவதற்கு முன் பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கவே கூடாது. டிக்கியின் ஓரத்தில் இருக்கும் டேங்கை முதல் வேலையாகக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

சேஸிஸ்

ஹெரால்டு சேஸிஸில் நடுவில் இரண்டு கனமான சட்டங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளை அவுட்ரிகர் என்பார்கள். பாடியின் ஓரங்களைத் தாங்குவது இவைதான். நடுச்சட்டத்தின்மேல் இன்ஜின் எண்ணெய் கசிந்து படிந்தே இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். அவுட்ரிகர் மூடிய பெட்டி மாதிரி வளைத்த மெல்லிய தகடு. சக்கரம் வாரியடிக்கும் சேறு உள்ளே போய்த் தங்கும், வெளியே வர வழியில்லை. என் வண்டியில் முன் அவுட்ரிகரை ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும். இது பொத்தென்றது. இன்னொரு தட்டு தட்டியதும் கருப்பு அண்டர்கோட் மட்டும் உரிந்து தொங்க, அதன் பின்னால் தகடே இல்லை. உள்ளே காய்ந்த செம்மண் ஒரு கைப்பிடி.

நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் பாடியை முழுசாகத் தூக்கிவிடுகிறார்கள். பாடியைத் தூக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாடியும் சேஸிஸும் தனித்தனியாக இருக்கும்போது பற்றவைத்த அவுட்ரிகர், திரும்ப மாட்டும்போது பாடியின் துளையோடு பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாடி மேலேயே இருந்தால் அதன் போல்ட் துளைகளே அளவுகோல். அவுட்ரிகரை முதலில் பாடியோடு போல்ட் போட்டு இறுக்கி, அப்புறம் சேஸிஸோடு பற்றவைக்கலாம். மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டிங் செய்வது கஷ்டம்தான். ஆனால் அளவு தப்பாது.

அதற்கு முன்னால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. நாலு பக்கமும் ஸ்டாண்டு, அதுவும் நடுச்சட்டத்தின் கீழே. எங்கள் ஷெட் தரை மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று சரிவாகப் போடப்பட்டது. கொத்தனாரிடம் தண்ணீர் டியூப்பையும் தூக்குக்குண்டையும் இரவல் வாங்கினேன். டியூப்பின் ஒரு முனையைச் சட்டத்தின் முன்கோடியிலும் மறு முனையைப் பின்கோடியிலும் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை ஸ்டாண்டுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்தேன். பிறகு சஸ்பென்ஷன் போல்ட் துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே அளந்தால் இரண்டு அளவும் சமமாக வர வேண்டும். 3 மி.மீ. வித்தியாசம் இருந்தது. எண்ணெயும் அழுக்கும் சுரண்டிச் சரியான துளை விளிம்பிலிருந்து அளந்ததும் அது 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது. ஆக, நடுச்சட்டம் முறுக்கிக்கொள்ளவில்லை. தொய்வு முழுவதும் அவுட்ரிகரிலும் பக்கச் சட்டத்திலும்தான்.

கதவுகளை மாட்டியபடியே வைத்து, கதவு வாசலில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகக் கட்டினேன். நடுவில் சிறிய ஜாக்கியை மெதுவாக ஏற்ற, ஏற்ற, கதவின் மேல் மூலை திறந்துகொண்டே வந்தது. மேலும் கீழும் சமமானதும் ஆங்கிளை இறுக்கி நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு அவுட்ரிகர் மட்டும் வெட்டினேன். வெட்டுவது, தேய்ப்பது, புதியதைப் பொருத்துவது, பற்றவைப்பது, ஆறியதும் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது, அதற்கு அப்புறம்தான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டினால் எது எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சியே மிஞ்சாது.

புது அவுட்ரிகர்களை 1.6 மி.மீ. தகட்டில் பழையதை அச்சாக வைத்து வளைத்து வாங்கினேன். பற்றவைத்தது மிக் வெல்டிங்கில். நீளமாக ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். அதனால் இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். மூடுவதற்கு முன்னால் உள்பக்கம் ஜிங்க் பிரைமர். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. முடிந்தபின் அந்தத் துளை வழியாகவே மெழுகு கலந்த துருத்தடுப்பை உள்ளே பீய்ச்சினேன். கடற்காற்று வீசும் ஊரில் வெறும் ரெட் ஆக்ஸைடு போதாது, அது ஈரத்தை உறிஞ்சும். சேஸிஸ் முழுவதற்கும் எபாக்ஸி பிரைமர்தான் அடித்தேன்.

பேட்டரி உட்காரும் பெட்டியும் பார்க்க வேண்டிய இடம். அது முன்தொட்டியின் தடுப்புத் தகட்டிலேயே இருக்கிறது. வருஷக்கணக்கில் ஆசிட் கசிந்து அடித்தகட்டைத் தின்றிருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் நேராகப் பயணியின் காலடிக்கு வரும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் ஆசிட்டை முறித்துவிட்டு, பிறகுதான் வெல்டிங்.

ட்ரன்னியன்

ஹெரால்டு, அதன் உறவான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் குடும்பத்துக் கார்களில் உயிர் சம்பந்தப்பட்ட பாகம் ஒன்று உண்டென்றால் அது முன் சக்கரத்துக் கீழ் ட்ரன்னியன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்து இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருப்பார்கள். அது ஒரு வெண்கல உருளைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் போல்ட் நட்டுக்குள் திரும்புவதுபோல அந்த மரை உள்ளே திரும்புகிறது. இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய், அதாவது 90 நம்பர் எண்ணெய் விட வேண்டும் என்பது தயாரிப்பாளரே சொன்னது. ஆனால் கிரீஸ் கன் கையில் இருப்பதால் எல்லோரும் கிரீஸையே அடிப்பார்கள். கிரீஸ் நாளடைவில் காய்ந்து இறுகி, எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும். ரப்பர் சீல் போனால் தண்ணீரும் உள்ளே வரும். மரையில் துரு ஏறி வெண்கலம் பிடித்துக்கொண்டால், திருப்பும் பலம் எல்லாம் இரும்புத் தண்டின் கழுத்தில் விழுகிறது. ஒருநாள் அது முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கி மட்கார்டுக்குள் போய்விடும். நல்லவேளையாக, பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, வண்டியை ஒடித்துத் திருப்பும்போதுதான் முறியும் என்பார்கள். அந்த நல்லவேளையை நம்பி யாரும் வண்டி ஓட்டக் கூடாது.

பழைய காலத்தில் ஹெரால்டு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. கழற்றிய தண்டுகளை ஒரு துணியில் சுற்றி அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மரையின் கடைசிச் சுற்றை நகத்தால் வருடிப் பார்த்தார்.

“வலது பக்கத்தது தேறும் தம்பி. இடது பக்கத்தைத் தூக்கிப் போட்டுடு.”

“பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே ஐயா இருக்கு?”

“நகத்தை வச்சுப் பாரு. மரை முடியற இடத்துல ஒரு குழி இருக்கா? துரு தின்ன குழி. அங்கேருந்துதான் கீறல் போகும்.”

நகம் தடுக்கியது. கண்ணுக்கு அது ஒரு கறை மாதிரிதான் தெரிந்தது. அவர் சொன்னபடி இரண்டுக்குமே வெடிப்பு காட்டும் சாயப் பரிசோதனை செய்தேன். தண்டைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, சற்று ஊறவிட்டுத் துடைத்தபின் வெள்ளை மாவு ஸ்ப்ரே. வெடிப்பு இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு ஊறி வரும். இடதுபக்கத் தண்டில் மரை முடியும் இடத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு பாதி வட்டத்துக்கு வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு, வலதுபக்கத் தண்டு தேறும் என்று அவர் சொல்லியிருந்தும் இரண்டையும் மாற்றிவிட்டேன். முன் சஸ்பென்ஷன் பாகங்கள் ஸ்பிட்ஃபயரோடு பெரும்பாலும் பொதுவானவை என்பதால் இங்கிலாந்திலிருந்து இன்றும் புதிதாக வரவழைக்க முடிகிறது. சுங்க வரி வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த வண்டியில் பணத்தைப் பார்க்கக் கூடாத இடம் இதுதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறு பக்கத்துக்கு இடது மரை, மாற்றி மாட்டக் கூடாது. மரையை முழுக்க உள்ளே ஏற்றி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்னுக்குத் திருப்பி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் விடும் துளையின் பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, கிரீஸ் கன் ஒன்றில் 90 எண்ணெய் நிரப்பி அதற்கென்றே தனியாக வைத்துவிட்டேன். கன் மேல் பெயிண்டால் “ட்ரன்னியன் மட்டும்” என்று எழுதியிருக்கிறேன். மேல் சீலிலிருந்து எண்ணெய் கசியும்வரை அடிக்க வேண்டும். கசிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நல்லதுதான்.

சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கவை போன்ற கைகளான விஷ்போன்களின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, ஆட்டி உட்காரவைத்த பிறகுதான் கடைசி இறுக்கு.

பின்பக்கத்தில் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் மேல் உட்கார்ந்திருக்கும். ஜாக்கியில் ஏற்றினால் பின்சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்நோக்கி மடங்குவதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். ஆக்ஸில் தண்டு சாயும்போது சக்கரமும் கூடவே சாயும் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பின் குணம் அது. இறக்கியபின் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டினால் நிமிர்ந்துவிடும். பட்டைகளைப் பிரித்துத் துரு சுரண்டி, இடையில் வைக்கும் ரப்பர் பட்டன்களை மாற்றினேன். பின் ஹப்பைக் கழற்ற மட்டும் சுத்தியலை எடுக்காதீர்கள். இழுத்துக் கழற்றும் கனமான புல்லர் வேண்டும், இல்லாவிட்டால் ஹப்பே வளைந்துவிடும்.

பிரேக்

நாலு சக்கரத்துக்கும் டிரம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் பிடித்து ஊதுவது நம் பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து ஊத வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வீல் சிலிண்டர்களில் துருக்குழி விழுந்திருந்தது. லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்கே போர் பண்ணிக் கொடுத்தார்கள். இரும்புக் குழாய்களை முழுவதும் மாற்றினேன். இந்தக் காரில் பிரேக் எண்ணெய் ஓடுவது ஒரே சுற்று; ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எந்தக் குழாயையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. பிரேக் குழாயில் தங்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலிருக்கும் பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தேன். பின் டிரம்களில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டருக்குச் சதுர வாய் ஸ்பேனர் வேண்டும். கட்டிங் பிளேயரால் திருகித் திருகித்தான் எல்லா வண்டிகளிலும் அது உருண்டையாகிப் போயிருக்கிறது.

இன்ஜின்

948 சிசி, அடக்கமான இன்ஜின், கை போகாத இடமே கிடையாது. ஆனால் கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விட வேண்டும். மற்றவர் முன்பக்கத்துக் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் ஷாஃப்ட்டின் பின் மெயின் பேரிங் பக்கத்தில் இருக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் அவை கழன்று இன்ஜின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். அதன்பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கையே அரைக்கும். வாஷர் மலிவு, பிளாக் கிடைக்காது. என் இன்ஜினில் தேய்மானம் இருந்தது, ஆனால் இன்னும் விழவில்லை. சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றினால் அடியிலிருந்தே மாற்றிவிடலாம்.

அடுத்தது வால்வுகள் உட்காரும் சிலிண்டர் ஹெட். இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் வால்வு சீட்டின் மேல் ஒரு படலமாக இருந்து அதைக் காப்பாற்றியது. இந்தியாவில் 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அதற்கு அப்புறம் ஓடிய பழைய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்கும்; அதன் அடையாளம், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடும் டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருவது. ஹெட்டை இறக்கியபோது இரண்டாவது, மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வுகள் மற்றவற்றைவிட ஆழமாக உட்கார்ந்திருந்தன. எக்ஸாஸ்ட் பக்கம் முழுவதற்கும் கடினப்படுத்திய சீட் அடித்து வாங்கினேன். டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ. வைத்தேன்.

இப்போதைய தலைவலி எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று எங்கேயும் கிடைக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் அதில் உப்பி, உள்பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்து, கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். வெளியே வெடித்தால் இன்ஜின் சூட்டின் மேலேயே பெட்ரோல் சொட்டும். ஹோஸ் எல்லாவற்றையும் ஃப்ளோரோகார்பன் ரப்பருக்கு மாற்றினேன். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் எத்தனால் தாங்கும் வகை. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுகிறேன்.

வயரிங்கில் எனக்குக் கை கொடுத்தது பழைய லூகாஸ் நிற முறை. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன் போட்டதும் வருவது, பச்சை அதிலிருந்து ஃப்யூஸ் தாண்டிப் போவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், கருப்பு எர்த். இது மனதில் பதிந்துவிட்டால் படமே தேவையில்லை. என் வண்டியில் யாரோ வீட்டு வயரிங் ஒயரை வைத்து ஹாரனுக்கு இழுத்திருந்தார்கள், அதில் ஃப்யூஸே இல்லை. மொத்தத்தையும் உருவிவிட்டு, அதே நிறங்களில் புது ஒயர் போட்டேன். ஒரு நாள் முழுக்க எர்த் முனைகளைச் சுரண்டுவதற்கே போனது. விளக்கு மங்கல், ஹாரன் கரகரப்பு, இண்டிகேட்டர் தடுமாற்றம் என்று வரும் புகார்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பாடியைப் பொருத்துவது

ஒரு வழியாகக் கதவுக்கு வந்தோம். பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டிலும் பேக்கிங் தகடுகள் உண்டு. அவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் தொட்டிகளின் நிலையை அமைக்க வேண்டும். வேலையை நான் பின்தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். பின்தொட்டி நிலையாக உட்கார்ந்ததும், முன்தொட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, கதவை மூடி, முன்தொட்டியைக் கதவுக்கு ஏற்றபடி நகர்த்துவது. கதவு கீழ்ப்பக்கம் விலகினால் முன் அவுட்ரிகரில் ஒரு தகட்டை எடுக்க வேண்டும், மேல்பக்கம் விலகினால் சேர்க்க வேண்டும். மெல்லிய ஒரு தகடு கதவின் மேல்முனையில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாற்றத்தைக் கொடுக்கிறது. சேஸிஸ் நேராக இருக்கும் வண்டியில் இது பொறுமையான, இனிமையான வேலை. தொய்ந்த சேஸிஸில் எத்தனை தகடு வைத்தாலும் முடியாது.

இரண்டு கதவும் 4 மி.மீ. இடைவெளியில் சுற்றிலும் சமமாக நின்றதும் பானட்டைப் பொருத்தினேன். முன்பக்கக் கீலில் அதை முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்த இடம் இருக்கிறது. கதவின் கோடும் பானட்டின் கோடும் ஒரே நேராக ஓட வேண்டும். அந்தக் கோடு முகப்பு விளக்கிலிருந்து கதவு வழியாக வால்முனை வரைக்கும் தடையில்லாமல் போவதுதான் மிகெலோட்டி வரைந்த வடிவத்தின் அழகு.

பழைய பட்டியைச் சுரண்டும்போது பின் மட்கார்டில் அரை அங்குல கனத்துக்கு வந்தது. டிங்கர் வேலைக்கு வந்த தம்பி, “அண்ணே, இதுக்குக் கீழே தகரம் இருக்கான்னே சந்தேகமா இருக்கு” என்றார். இருந்தது, ஒடுக்கு விழுந்திருந்ததே தவிர ஓட்டையில்லை. பின்னாலிருந்து டாலி என்ற இரும்புக் கட்டையை வைத்துத் தட்டி, நகம் அளவு கனத்துக்கு மேல் பட்டி தேவைப்படாத நிலைக்குக் கொண்டுவந்தார். பட்டி ஈரம் உறிஞ்சும் பொருள். அதனால் முதலில் தகட்டில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பட்டி, அதன்மேல் மறுபடி பிரைமர் என்று போனோம். ஈர உப்புத்தாள் போடுவதெல்லாம் மேல் பிரைமர் அடித்த பிறகுதான்.

பெயிண்ட் அடிப்பதைத் தை மாதம்வரை தள்ளிவைத்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றிலிருக்கும் ஈரம் புதுப் பெயிண்டில் வெண்மை படரச் செய்யும். கடைசிப் பூச்சை மட்டும் வீட்டில் அடிக்கவில்லை. இன்று பெயிண்டோடு ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே வகையில், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாயோடு கூடிய முகமூடியும் தனி பூத்தும் வைத்திருக்கிற பெயிண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கலர், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த வெளிர் சாம்பல்.

பேப்பர்

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் பதிவு முறையைக் கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு இதில் ஏறி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அதனால் சாதாரண ஆர்.சி.யையே 5 வருஷத்துக்குப் புதுப்பித்தேன், பசுமை வரியும் கட்டினேன். இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் அசலாக, படிக்கும்படி விட்டுவைத்தது அங்கே மிகவும் உதவியது. நம்பர் தகட்டைச் சுற்றி யாரும் கிரைண்டர் பிடிக்க விடாதீர்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. இந்தக் காரின் திருப்பு வட்டம் 25 அடிதான். எங்கள் தெருமுனையில் ஆட்டோ திரும்பும் இடத்தில் இதுவும் ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறது. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பாடி போல்ட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மறுபடி ஒரு சுற்று இறுக்கினேன். புது ரப்பர் உட்கார்ந்ததில் பாடி போல்ட்டுகள் பலவும் கால் சுற்று எடுத்தன. இடதுபக்கக் கதவின் கீழ் இடைவெளி ஒரு மி.மீ. கூடியிருந்தது, முன் அவுட்ரிகரில் ஒரு மெல்லிய தகட்டை எடுத்ததும் சரியாகிவிட்டது. பாக்கி இருப்பது முன் கண்ணாடி ரப்பர். மழையில் வலது மூலையில் சொட்டுகிறது. புது ரப்பர் வந்ததும் கண்ணாடியை இறக்கி, சட்டத்தின் பள்ளத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டப்போகிறேன்.